ஓடுபாதையில் ஒரு பிச்சிப்பூ

தோவாளை பஸ்ஸை ஓட்டிய டிரைவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சாலையில் கல் கிடந்தால் வண்டியை நிறுத்தி இறங்குவார். அதை எடுத்து ஓரமாக எறிந்துவிட்டுத்தான் மறுபடி கிளப்புவார். உள்ளே நாங்கள் முணுமுணுப்போம். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்க நேரமாகிறதே என்ற எரிச்சல் எனக்கு. நெடிய மனிதர், முதுகு மட்டும் லேசாக வளைந்திருக்கும்.

ஒரு நவராத்திரிக்கு அவர் மனைவி அழைத்ததால் கொலு பார்க்கப் போனேன். படிகளில் வழக்கமான பொம்மைகள். கீழே தரையை அடைத்துக்கொண்டு, அவரே செய்த யுத்தகால விமான நிலையம்! முருக்க மரத்தில் செதுக்கிய விமானங்கள், தீப்பெட்டி லாரிகள், விரல் உயரக் களிமண் சிப்பாய்கள்.

“சண்டைக் காலத்துல அசாம்ல நான் வேல பாத்த எடமாக்கும், டீச்சர்.”

விமானத்தின்மேல் நின்ற பொம்மையைக் காட்டி, “இதுதான் நீங்களா?” என்று கேட்டேன்.

“அது வெள்ளக்காரத் தொரை. நான் இந்தா இருக்கேன்.” ஓடுபாதை நடுவே குனிந்து நின்ற சின்னப் பொம்மையைத் தொட்டார். “கல்லு பொறுக்கத்தான் என்னை வச்சிருந்தாவ. ஒரு கல்லு கெடந்தாலும் பிளேன் கவுந்திரும். நான் நிமிந்து கொடி காட்டாம ஒரு தொரையும் பறந்ததில்ல, எறங்குனதில்ல, கேட்டேளா!”

அதைச் சொன்னபோது அந்த முதுகில் வளைவே இல்லை.

உற்றுப் பார்க்கக் குனிந்த என் தலையிலிருந்து ஒரு பிச்சிப்பூ ஓடுபாதையில் விழுந்தது. அவர் கை நீளுமுன் நானே அதை எடுத்துவிட்டேன்.

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

“இனி எறங்கலாம்” என்றார்.

மேலே சுற்றிக்கொண்டிருந்த துரை யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.