வண்டியை விற்காதே என்றான் கருப்பன்

கருப்பனை நம்பிப் பிழைக்கும் எல்லோருக்கும் செல்லூர் வசந்தியின் கும்பிடு. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. வீட்டோடு தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சென்ற ஆவணி மாதம் என் வீட்டுக்காரர் பாண்டிக்கு வயிற்றுப்போக்கு வந்து நின்றது. அதோடு சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். அடுத்த வாரம் ஒரு காலையில், "பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு புள்ள" என்றார். மறுநாள் பட்டறைப் படியில் கால் ஏறவில்லை. அதற்கு மறுநாள் சோற்றைப் பிசையக் கை மடங்கவில்லை. இரும்பைத் தூக்கி வளைக்கிற மனுஷன், தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஜிபிஎஸ் என்று டாக்டர் ஒரு நோயின் பெயரைச் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே திரும்பி நரம்பைத் தாக்குமாம். காலில் தொடங்கி மேலே ஏறும், நெஞ்சு வரைக்கும் வந்தால் மூச்சு நிற்கும் என்றார். "மருந்து இருக்கும்மா. திரும்பி வந்துருவாங்க. ஆனா நாளாகும். நடுவுல எது வேணா நடக்கலாம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் என் காதில் தங்கியது.

இப்போது அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு முனையில் அவருடைய வெல்டிங் பட்டறை. அதன் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு பழைய அம்பாசிடர் நின்றது. கொட்டாம்பட்டிப் பக்கம் நாலுவழிச் சாலையோரம் ஒரு பழைய இரும்புக் கடையில், நசுங்கிக் கிடந்ததை வாங்கி வந்தார். ஹாட் ராட் செய்கிறேன் என்றார். வெளிநாட்டில் பழைய காரை அறுத்துக் குள்ளமாக்கி, பெரிய என்ஜினை வைத்து, அதை மூடாமல் வெளியே தெரிய விடுவார்களாம். இவரும் கூரையை இறக்கினார். ஜீப் என்ஜினைப் பொருத்தினார். பின் சக்கரங்கள் அகலம், முன் சக்கரங்கள் ஒல்லி. தெருப் பிள்ளைகள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் அங்கேதான் இருப்பார். எனக்கு அது சக்களத்தி மாதிரி. கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் கூட, "கிரீஸ் கையோட எப்படி வாரது, நீ போயிட்டு வா" என்பார். அந்த வண்டியை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இதை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நான் சொல்வது விளங்கும்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் என் மாமியார் குறி கேட்கப் போனார். குறி சொன்னவர், "உங்க வாசல்ல செத்தவன் நிழல் விழுந்த இரும்பு ஒண்ணு நிக்கிது. அது போனாத்தேன் உன் மகன் எந்திரிப்பான்" என்று சொல்லிவிட்டாராம். மாமியார் அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் பக்கத்திலேயே நின்று, என் வீட்டுக்காரரின் அண்ணன் தவமணி அத்தானிடம் அழுதார்.

"அந்த வண்டிய மொதல்ல வெளியேத்துடா. விபத்துல யாரு செத்த வண்டியோ என்னமோ."

"நீ போன்ல சொன்னதுமே ஆளு பாத்துட்டேம்மா. கோயமுத்தூர்க்காரரு. பழைய வண்டின்னா உசுரு அவருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் லாரியோட வாராரு."

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம். அன்று சாயங்காலமே மூச்சு திணறியது. வென்டிலேட்டர் வைத்தார்கள். மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார்கள். இனி அவரிடம் எதையும் கேட்க முடியாது.

எனக்கு வந்த சோதனையைப் பாருங்கள். அவரைக் கேட்டிருந்தால் விற்காதே என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் குறி சொன்னது உண்மையாக இருந்தால்? வண்டியை வைத்துக்கொண்டு புருஷனைப் பறிகொடுத்தால்? விற்றுவிட்டு அவர் எழுந்து வந்து, எங்கே என் வண்டி என்று கேட்டால்? தலை வெடித்துவிடும் போலிருந்தது. விற்றுவிடலாம் என்றுதான் என் மனசும் சாய்ந்தது. ஆனாலும் அவர் கையால் ஒட்டவைத்த ஒன்றை அவருக்குத் தெரியாமல் அனுப்ப எனக்குக் கை வரவில்லை. சாமியிடமே கேட்டுவிடுவோம் என்று வெள்ளிக்கிழமை காலை கிளம்பினேன்.

எங்கள் குலதெய்வம் கருப்பசாமி சோழவந்தான் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் இருக்கிறார். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் நான் வேண்டியது இதுதான்: "விக்கச் சொல்லிரு சாமி. எனக்கு அதுதேன் லேசு."

பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். வெள்ளை அரளி வந்தால் விற்க வேண்டும், சிவப்பு வந்தால் விற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவர் இரண்டு பூவையும் தனித்தனி வாழையிலைத் துண்டில் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றினார். குலுக்கி, அருவாளுக்கு முன்னால் போட்டார். வழக்கமாக அவர்தான் எடுப்பார். அன்று, "நீயே எடு தாயி. நாளைக்கு யாரும் பூசாரி மேல பழி போடக் கூடாது" என்றார்.

ஒன்றை எடுத்தேன். நூல் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். சிவப்பு.

நான் அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. பயத்தில். "இன்னொரு தடவ போட்டுப் பாப்பமா?" என்று கேட்டேன்.

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் சொன்னது ஒனக்குப் பிடிக்கலைன்னா, கேக்காமயே இருந்திருக்கலாம்ல?" என்றார்.

திருநீற்றை முந்தியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். செல்லூர் போய்ச் சேரும்போது லாரி வந்துவிட்டது. கொட்டகைக் கதவு திறந்திருந்தது. வண்டியின் முன்பக்கம் சங்கிலி போட்டுவிட்டார்கள். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. நான் போய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தான், வண்டி போகக் கூடாது. கருப்பன் உத்தரவு குடுக்கல."

தவமணி அத்தான் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "வசந்தி, என் தம்பி அங்கன குழாயில மூச்சு விட்டுக்கிட்டுக் கெடக்கான். உனக்கு வெளையாட்டா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாமியார் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "ஏத்தா, உன் கால்ல விழுறேன். எம்புள்ளையக் கொன்னுறாத."

பெரிய மனுஷி, சொன்னபடியே காலில் விழப் போனார். நான் அப்படியே அவரைத் தாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சங்கிலியை மட்டும் விடவில்லை. கோயமுத்தூர்க்காரர் நல்ல மனுஷன். "குடும்பத்துல பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க" என்று லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாமி பேச்சைக் கேட்டோம், இனி நல்லது நடக்கும் என்று நினைப்போம் இல்லையா? அன்று சாயங்காலமே அவருக்குக் காய்ச்சல் ஏறியது. நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். இதயத் துடிப்பு ஏறுகிறது, இறங்குகிறது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

வராந்தா பெஞ்சில் மாமியார் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். நான் இந்தக் கோடியில். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கோயமுத்தூர்க்காரர் நம்பர் போனில் இருந்தது. எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் லாரி வந்துவிடும். முந்தியில் முடிந்த திருநீற்றை விரலால் தடவிக்கொண்டே, "நீ சொல்லித்தேன் செஞ்சேன். இப்ப நீதேன் பாக்கணும். எனக்கு வேற யாரும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அழகான வேண்டுதல் எதுவும் வரவில்லை. இதேதான் திரும்பத் திரும்ப.

காய்ச்சல் சட்டென்று இறங்கவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கியது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மயக்க மருந்தை நிறுத்தினார்கள். அவர் கண் திறந்தார். உசிர் தங்கிவிட்டது என்று கருப்பனைக் கும்பிட்டேன்.

ஆனால் திறந்த கண்ணில் ஆள் இல்லை. பயிற்சி கொடுக்க வந்தவர், விரலை அசைக்க நினைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினார். இவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் பேசினாலும் கண்ணை மூடிக்கொள்வார். "உடம்பு தேற ஆரம்பிச்சிருச்சு. மனசுதான் விட்டுருச்சு. அவரா முயற்சி பண்ணலைன்னா ரொம்பக் கஷ்டம்" என்றார் டாக்டர்.

ஒரு நாள் பார்வை நேரத்தில் நானும் மாமியாரும் உள்ளே போனோம். அவர் உதடு அசைந்தது. சத்தம் வராது. குனிந்து பார்த்தேன். வண்டி என்கிறார்.

"நம்ம கொட்டகையிலதேங்க நிக்கிது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. ஆறுதலுக்குப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று கட்டில் பக்கத்தில் நின்று பேசியதையெல்லாம் அவர் கேட்டிருக்கிறார். வண்டி போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு, எங்களிடம் கேட்கவும் பயந்து, இத்தனை நாளும் உள்ளுக்குள்ளேயே கிடந்திருக்கிறார்.

மாமியார் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. வெளியே வந்ததும் போனை எடுத்துத் தவமணி அத்தானைக் கூப்பிட்டார். "டேய், கொட்டகைக்குப் போ. வசந்தி வாரா. அந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் படம் புடிச்சு அனுப்பணும்."

கொட்டகையில் பேட்டரி இறங்கிக் கிடந்தது. அத்தான் தன் சரக்கு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தார். "ஏறி ஒக்காரு. நான் சொன்னதும் சாவியத் திருப்பு" என்றார். அந்த வண்டியில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. திருப்பினேன். இருமிவிட்டு நின்றது. மறுபடி இருமியது. கருப்பா, கருப்பா என்று வாய்விட்டே கூப்பிட்டேன். அத்தான் என்ஜினில் எதையோ இறுக்கினார். திரும்பவும் திருப்பினேன். கொட்டகைத் தகரமெல்லாம் அதிர, என்ஜின் பிடித்துக்கொண்டது. அத்தான் ஒரு கையால் போனில் படம் பிடித்துக்கொண்டே மறு கையால் கண்ணைத் துடைத்தார். "பேசு வசந்தி. அவன்கிட்டப் பேசு" என்றார். "ஓடுதுங்க. இந்தா ஓடுதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் நர்சம்மாவிடம் அனுமதி வாங்கிப் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். சத்தத்தைக் கேட்டதும் கண் அகலமாகத் திறந்தது. படம் முடிந்தது. மறுபடி போடு என்று கண்ணால் கேட்டார். போட்டேன். அவர் வலது கைக் கட்டைவிரல் போர்வை மேல் அசைந்தது. நான் பார்த்தது நிஜமா என்று தெரியாமல் மாமியாரைப் பார்த்தேன். அவர் தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார்.

மருந்து வேலை செய்கிறது, விரல் எப்படியும் அசைந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். அந்த மருந்தையும் அந்த டாக்டரையும் அனுப்பியவன் கருப்பன் என்று நான் நம்புகிறேன். ஆனால் அன்றிலிருந்து அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பயிற்சிக்காரர் வருவதற்கு முன்பே காத்திருப்பார். கை வந்தது. குரல் வந்தது. தை மாதம் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார். சித்திரையில் கம்பைப் பிடித்து நின்றார்.

அந்த வண்டியில் யாராவது செத்தார்களா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. போய் விசாரிக்கவும் இல்லை. மாமியார் அதற்கு எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார். என்னிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் ஆக்கிய மீனில் நடுத்துண்டு இப்போதெல்லாம் என் தட்டில்தான் விழுகிறது.

வண்டியை லாரியில் ஏற்றிச் சோழவந்தானில் மாமியார் வழித் தென்னந்தோப்புக்குக் கொண்டுபோய்விட்டோம். ரோட்டில் ஓட்ட இன்னும் அனுமதி வரவில்லை. தோப்புக்குள் மட்டும் ஓட்டுகிறோம். ஓட்டுவது நான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "கிளச்ச மெதுவா விடு புள்ள, மெதுவா" என்று கத்துவார். நான் திரும்பக் கத்துவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நாங்கள் இரண்டு பேருமே கிரீஸ் கையோடுதான் இருக்கிறோம். கல்யாண வீடுகளுக்கு மாமியார் போகிறார்.

உங்களில் யாராவது இப்படி ஒரு முடிவின் முன்னால் தூக்கம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தால், பயம் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கருப்பன் முன்னால் போய் நில்லுங்கள். உங்களுக்குப் பிடிக்காத பதிலே வரலாம். வந்தபிறகு நிலைமை இன்னும் மோசமாகலாம். எனக்கு ஆனது. அப்போதும் அவன் பிடியை விடாதீர்கள்.

அவருடைய இடது பாதம் மட்டும் இன்னும் தூக்க வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தருவான்.