காந்தெலாரியாவின் அடுப்பு

எங்கள் காபித் தோட்டத்தில் அடுப்பு எரியாத குடிசை காலிக் குடிசை என்றுதான் கணக்கு. பிடிக்காத கூலிக்காரர்களைத் துரத்த மேனேஜர் தோன் ரொலாந்தோவுக்கு அது வசதியாக இருந்தது.

காந்தெலாரியா கல்யாணமாகி வந்த அன்றே ஆற்றிலிருந்து மூன்று கற்களைச் சுமந்து வந்து அடுப்பு கூட்டினாள். அந்தச் சூட்டில்தான் பிள்ளைகளைப் பெற்றாள். கூலி உயர்த்திக் கேட்டதற்காக அவள் புருஷனை லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகும் அவள் நகரவில்லை.

ஒரு நாள் பழம் பறித்துவிட்டு வந்தபோது அடுப்புக் குழியில் தண்ணீர் நின்றது. கற்களைக் காணோம். தோன் ரொலாந்தோ வாசலில் நின்றார்.

"அடுப்பு அணைஞ்சுபோச்சு. மூட்டையக் கட்டு."

"அதுவா அணையல ஐயா. நீங்க அணைச்சீங்க."

அவள் தண்ணீரை இறைத்துவிட்டு, வேலியோரத்துக் கற்களைப் பெயர்த்து வந்து வைத்தாள். அடுத்த குடிசை பெத்ரோனா எரிகிற விறகோடு வந்தாள்.

"இந்தாக்கா, எங்க வீட்டு நெருப்பு."

அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு குடிசையிலிருந்தும் கொள்ளி வந்தது.

"எல்லாரையும் வெளிய அனுப்பிருவேன்" என்றார் அவர்.

"அனுப்புங்க. பழம் பழுத்து உதிருது. நீங்களே குனிஞ்சு பொறுக்கிக்குங்க" என்றாள் காந்தெலாரியா.

அவர் குதிரையில் ஏறிப் போனார். காந்தெலாரியா அடுப்பை ஊதி எரியவிட்டாள். பெத்ரோனா சோள ரொட்டி தட்டிப் போட்டாள்.

புருஷன் திரும்பி வரவேயில்லை. காந்தெலாரியாவை மட்டும் எந்த மேனேஜராலும் கிளப்ப முடியவில்லை. அந்தக் குடிசையிலேயே கிழவியாகி, போன மழைக்காலத்தில்தான் செத்தாள்.