பிடிக்காதவர்தான் வாசிக்க வேண்டும்

எங்கள் எழுத்தாளர் சங்கத்தில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. உறுப்பினர் ஒருவரின் எழுத்துக்கு வெளியிலிருந்து மிரட்டல் வந்தால், அந்த எழுத்து யாருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லையோ அவர்தான் அதைக் கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும். பிடித்ததற்குப் பரிந்துபேச யாரால்தான் முடியாது என்பது சங்கத்தைத் தொடங்கியவர்களின் கட்சி.

அவர்கள் இரண்டு பேர். ஒருவரையொருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். ஒருவருடைய நாடகத்துக்கு மயிலாப்பூர் சபா ஒன்று கடைசி நேரத்தில் கதவைச் சாத்தியது. அதே நாடகத்தைக் கிழி கிழியென்று கிழித்து விமர்சனம் எழுதியிருந்த மற்றவர், சபா வாசலில் நின்று முழு நாடகத்தையும் வாசித்துவிட்டார், பெண் வேஷத்துக்குக் குரலை மாற்றிக்கொண்டு. அதற்குப் பிறகும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சேர்ந்து சங்கம் மட்டும் ஆரம்பித்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

போன வருடம் என் முறை வந்தது. அடையாறில் எங்கள் குடியிருப்பை மனதில் வைத்து ஒரு கதை எழுதியிருந்தேன். நொச்சிக்குப்பத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாவை, நாற்றம் ஆகாது என்று குடியிருப்பின் செயலாளர் கேட்டிலேயே நிறுத்துகிறார். அவள் அங்கேயே நின்று அவருக்குப் பதில் கொடுக்கிறாள். பத்திரிகையில் வந்ததுமே எங்கள் செயலாளருக்குத் தன் முகம் தெரிந்துவிட்டது. புத்தகமாக வரும்போது கேட் காட்சி இருக்கக் கூடாது, இருந்தால் வழக்கு என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். லிஃப்டில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. என் கணவர், "நாம இங்கதானே குடியிருக்கணும்? அந்த ஒரு சீன் போனா என்ன இப்ப?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்திருந்தது. பதிப்பாளர் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறுதான் சங்கக் கூட்டம். எங்கள் குடியிருப்புச் செயலாளரும் மனைவியோடும் சில குடித்தனக்காரர்களோடும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். தலைவர் வழக்கப்படி கேட்டார்: "கதை யாருக்கெல்லாம் பிடிக்கலை?"

பாதிக் கூட்டம் கை தூக்கியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் என்னைத் தட்டிக்கொடுத்து என் காசில் காபி குடித்தவர்கள்! யாருக்கு அதிகம் பிடிக்கவில்லை என்று அவர்களுக்குள் போட்டி வேறு. கடைசியில் ஜெயித்தவர், துப்பறியும் தொடர்கள் எழுதும் மாடவீதி மாமி. வீட்டில் வெங்காயம்கூடச் சேர்க்காதவர். "நேக்கு மொதல் பக்கத்துலேயே தலைவலி வந்துடுத்து" என்றார். அதற்கு மேல் யாராலும் போக முடியவில்லை.

மாமி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தார். மீன்காரம்மா வந்ததும் குரலே மாறிவிட்டது. ஒரு கை இடுப்புக்குப் போனது.

"இன்னா சார், நாறுதுன்ற? உன் வாயிக்கு என் மீன் கூடை எவ்ளோ தேவல!"

இந்தப் பாஷையை இவர் எங்கே பிடித்தார்? கூடமே குலுங்கியது. செயலாளரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தார், அடங்கவில்லை. நான் எழுதியதைவிட மாமி வாசித்தது எவ்வளவோ நன்றாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததே இல்லை.

வாசித்து முடித்ததும் செயலாளர் எழுந்தார். "மேடம், உங்களுக்கே பிடிக்கலைன்னு சொன்னீங்க. அப்ப அந்த ஒரு பக்கத்தை எடுக்கச் சொல்லுங்களேன்."

"பிடிக்கலைதான். இப்பவும் பிடிக்கலை" என்றார் மாமி. "ஆனா அதுல ஒரு வார்த்தைய எடுக்க வச்சேள்னா, நான் தினம் கார்த்தால வந்து உங்க கேட்டுல நின்னுண்டு முழுக் கதையையும் வாசிப்பேன்."

செயலாளர் மாமியை ஏற இறங்கப் பார்த்தார். செய்யக்கூடியவர்தான் என்று தெரிந்திருக்கும். உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கதைகள் பிடித்தவர்கள் யாரும் எனக்காக இவ்வளவு செய்ததில்லை.

மாடிப்படி இறங்கும்போதே பதிப்பாளருக்குப் போன் போட்டு, கேட் காட்சி அப்படியே இருக்கும் என்று சொன்னேன். பின்னாலேயே வந்துகொண்டிருந்த மாமி என் தோளைத் தொட்டார்.

"கதையோட முடிவு மகா மோசம்டி. அதையாவது மாத்தேன்."

"மாட்டேன் மாமி."

"அப்படிச் சொல்லு!" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.