இரண்டரை அங்குலப் பலகை

தம்பியின் பதினாறாம் நாளுக்கு வந்து எங்கள் துயரில் பங்குகொள்ளும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலர் இருக்கிறது. அவருடைய நல்ல குணங்களை எழுதித் தரும்படி வீட்டார் கேட்டார்கள். எழுதுகிறேன். அதோடு என் தவறு ஒன்றையும் சேர்த்து எழுதாவிட்டால் இது பொய்யாகிவிடும்.

தம்பி கடலூர் முதுநகரில் பிறந்தவர். அப்பா இறந்தபோது நான் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். என் படிப்பு நின்றுவிடக் கூடாதென்று, அவர் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனார். பிறகு சிதம்பரத்தில் பஸ் டெப்போ மெக்கானிக் ஆனார். நான் பாலங்கள் கட்டினேன்.

2004இல் ஓய்வு பெற்றதும் வீட்டுப் பின்புறம் சிறிய கொல்லுப் பட்டறை அமைக்க ஆசைப்பட்டார். பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கினார். அதற்கு ஒரு பீடம் வேண்டும்.

"புளியங்கட்ட ஒண்ணு பொதைச்சிர்றேண்ணே. ஒசரம் ஜாஸ்தியா இருந்தா அறுத்துக்கலாம்."

"கான்கிரீட் போடுடா. அறுக்கிற வேலையே வராது," என்றேன்.

கையைத் தொங்கவிட்டு நின்றால், மூடிய கைவிரல் முட்டி கல்லின் மேற்பரப்பைத் தொட வேண்டும். அதுதான் சரியான உயரம். எங்கள் வீட்டில் எந்த வேலைக்கும் முதல் அளவு மூத்தவர் எடுப்பது வழக்கம். கற்பூரம் ஏற்றியதும் நானே அளவுக்குப் போய் நின்றேன்.

"நான் நிக்கட்டுமாண்ணே?"

"நீ டேப்பப் புடி."

தம்பி என்னைவிட அரையடி குள்ளம்.

பீடம் காய்ந்து கல்லை ஏற்றிய அன்று, "கொஞ்சம் ஒசரமோண்ணே," என்றார். "பழகிடும்டா," என்றேன். அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. கல் அசையாமல் நின்றது. அதை நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அவருக்குத் தோள் வலி வந்தது. "வயசாச்சு, சுத்தியலக் கீழ வையேன்டா," என்று கடிந்துகொண்டேன். "வெச்சிர்றேண்ணே, இந்த வாரம் மட்டும்," என்பார். 2011இல் அடித்த தானே புயலுக்குப் பிறகு தெருவில் பாதி வீடுகளுக்குக் கூரைக் கொக்கிகளும் கதவுக் கீல்களும் அந்தத் தோளால்தான் அடித்துக் கொடுத்தார்.

போன வாரம் பட்டறையை ஒழுங்குபடுத்தும்போது உலைக்குப் பின்னால் ஒரு கனத்த பலகை கிடைத்தது. இரண்டு பாதங்களின் இடம் மட்டும் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. தம்பியின் மனைவியிடம் கேட்டேன்.

"தோளு வலி தாங்காம அது மேல நின்னுதான் அடிப்பாரு மாமா. நீங்க வர்றதா போன் பண்ணா எடுத்து ஒளிச்சிடுவாரு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"அண்ணன் மனசு நோவும்னு சொல்லுவாரு. பலகையில ஏறிட்டா நானும் எங்கண்ணன் ஒசரந்தான்னு சிரிப்பாரு."

நான் போன நாட்களிலெல்லாம் அவர் வெறுந்தரையில் நின்று, தோளை உயர்த்தி அடித்துக் காட்டினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்பு வலி என்றதும் ஆட்டோவில் அழைத்துச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும், கடைசிவரை போராடிய மருத்துவருக்கும், தோள்கொடுத்துச் சுமந்த டெப்போ நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

பலகையை அளந்து பார்த்தேன். இரண்டரை அங்குலம். கையைத் தொங்கவிட்டால் எங்கள் இருவர் விரல் முட்டிகளுக்கும் இடையே இருந்த உயர வித்தியாசம் அவ்வளவுதான். தம்பி எடுத்த அளவு சரியாக இருந்தது. நான் எடுத்ததுதான் தவறு.