வியாழனுக்கு முந்தின அப்டேட்

என் மனைவி கணினி வழியாகப் பேசினாள். உடம்பின் தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் நரம்பு நோய் வந்து, மூன்றாம் ஆண்டில் குரலும் போயிற்று. கண்கள் மட்டும் மிஞ்சின. திரைக்குக் கீழே பொருத்திய சிறிய கேமரா, அவள் எந்த எழுத்தைப் பார்க்கிறாள் என்று கண்டுபிடிக்கும். சொற்கள் சேர்ந்ததும் கணினி உரக்கப் படிக்கும். தமிழை அவள் ஆங்கில எழுத்தில்தான் சேர்ப்பாள். அதை அமெரிக்க உச்சரிப்பில் கணினி கடித்துத் துப்பும்.

"அம்மா, யூ சவுண்ட் லைக் எ ஜிபிஎஸ்" என்பாள் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள்.

கண்கள் திரையில் ஓடும். அரை நிமிடம் கழித்துக் கணினி சொல்லும்: "லெஃப்ட்ல திரும்பு. சிங்க்ல கெடக்கற பாத்திரத்தக் கழுவு."

அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரில், எங்கள் வீட்டில் அந்த வருடம் கேட்ட சிரிப்பெல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து தொடங்கியதுதான்.

நான் ஓர் அலுவலகத்தின் கணினிகளுக்கு அப்டேட் அனுப்பும் வேலையில் இருக்கிறேன். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அது வரும். முன்பெல்லாம் ஒவ்வொரு திருத்தமும் தனித்தனியாக வந்தது. வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். இப்போது எல்லாம் ஒரே மூட்டை. போன மாதத்தது, அதற்கு முந்தின மாதத்தது எல்லாம் உள்ளே இருக்கும், பிரிக்க முடியாது. அலுவலகத்தில் முதலில் இருபது கணினிகளுக்கு மட்டும் அனுப்பி, ஒரு வாரம் கவனித்துவிட்டுத்தான் மற்றவற்றுக்கு அனுப்புவேன். வீட்டில் அந்தக் கேமராவோடு இருந்தது ஒரே கணினி. சோதித்துப் பார்க்க இன்னொன்று இல்லை.

அதனால் அப்டேட்டை நிறுத்தி வைப்பேன். ஐந்து வாரத்துக்குத்தான் நிறுத்தலாம். அதன் பிறகு ஒருமுறை மூட்டையை ஏற்றுக்கொண்டால்தான் மறுபடியும் நிறுத்த விடும். முடிகிற நாளை டைரியில் குறித்துவைத்து, அன்று கணினியை முழுதாக நகலெடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து அப்டேட்டை ஏற்றுவேன். எட்டு மாதம் ஒரு பிசகும் இல்லை.

அந்த மாதம் நாள் முடிவது வெள்ளிக்கிழமை என்று டைரி சொன்னது. மருத்துவரைப் பார்க்க வேண்டியது அதற்கு முந்தின நாள், வியாழன்.

அவளுக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்தது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இயந்திரத்தால் மூச்சு விடலாம். அல்லது அது இல்லாமல் போகிறவரை போகலாம். எது என்று அவளே சொல்ல வேண்டும், காரணத்தோடு சொல்ல வேண்டும், கண் சிமிட்டல் போதாது என்று மருத்துவர் சென்ற முறையே சொல்லியிருந்தார். அந்த இயந்திரம் வேண்டும் என்பது என் எண்ணம். அவள் எண்ணத்தை நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

திங்களும் செவ்வாயும் கணினியை உரக்கப் படிக்க விடாமல், திரையை நான் பார்க்கவும் விடாமல் அவள் ஒரு பக்கம் எழுதினாள்.

"டாக்டருக்கு. படிக்காதீங்க" என்றது கணினி.

"எனக்குத் தெரியக் கூடாதா?"

"வியாழக்கெழம எல்லாரோடயும் சேந்து கேட்டுக்கங்க."

புதன்கிழமை மதியம் அவள் கண்ணயர்ந்திருந்தாள். நான் மேலே அலுவலக வேலையில் இருந்தேன். மகள் கீழேயிருந்து கத்தினாள்.

"அப்பா! ரீஸ்டார்ட் ஆகுது! டிட் யூ டூ திஸ்?"

திரையில் வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. அணைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்து அப்டேட் தன்னை ஏற்றிக்கொள்ளும். அந்த விசைப்பலகையை நாள்கணக்கில் யாரும் தொட்டிருக்கவில்லை; அவள் கண்ணும் மூடியிருந்ததால் ஆள் இல்லை என்று அது எண்ணிவிட்டது போலும். மூட்டையின் பெரும் பகுதி மகளின் லேப்டாப்பிலிருந்தே துண்டு துண்டாக வந்திருந்தது. ஒரே வீட்டுக் கணினிகள் அப்படிப் பகிர்ந்துகொள்ளும். அந்த வசதியை இயக்கி வைத்தவனும் நான்தான்.

பிறகு டைரியைப் புரட்டினேன். வாரம் முழுக்கத் துண்டுச் சீட்டில் குறித்து, வெள்ளிக்கிழமை டைரியில் சுத்தமாக எழுதுவது என் வழக்கம். நிறுத்தும் பொத்தானை அழுத்தியது ஒரு புதன்கிழமை. டைரியில் அது வெள்ளிக்கிழமைக்குக் கீழே ஏறியிருந்தது. அங்கிருந்து ஐந்து வாரம் எண்ணியிருக்கிறேன்.

கணினி எழுந்தது. கேமரா எழவில்லை. அப்டேட்டை நீக்கிப் பார்த்தேன். மூட்டையில் ஒரு பகுதி மட்டும் கழன்றது, மற்றது நீங்க மறுத்தது. பழைய நகலைத் திருப்பினால் அவள் எழுதிய பக்கமும் போய்விடும். கேமரா நிறுவனத்தில் பேசிய பெண், எல்லோருக்கும் இதே கோளாறுதான் என்றும், திருத்தம் அடுத்த அப்டேட்டில் வரும் என்றும் சொன்னாள். கேமரா இல்லாமல் பேச்சு மென்பொருள் திறக்காது. பக்கம் அதற்குள் இருந்தது.

வியாழனன்று, நோயின் தொடக்கத்தில் வாங்கிய எழுத்துப் பலகையை எடுத்துப்போனோம். ஆங்கில எழுத்துகள் அச்சிட்ட கண்ணாடித்தாள் அது. எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் பிடித்து, அவள் கண் நிற்கும் எழுத்தை நான் உரக்கச் சொல்ல வேண்டும்.

"பி. ஓ. டி."

முழுச் சொல்லும் அங்கேயே தெரிந்துவிட்டது.

"சரியாப் பாக்கல. மறுபடியும் காட்டு" என்றேன். காட்டினாள். இன்னொரு முறை கேட்டேன். மூன்றாம் முறை அவள் பலகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

மகள் என் முழங்கையைப் பிடித்தாள். "அப்பா. ப்ளீஸ். சொல்லுங்க."

"போதும் என்கிறாள்" என்று மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஏன் என்று அவர் அவளிடம் கேட்டார். அவள் களைத்திருந்தாள். ஸீலிங் என்ற ஒரு சொல்லை மட்டும் காட்டினாள். பல வருடம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க அவளுக்கு விருப்பமில்லை, குழாய் வேண்டாம் என்று நான் விளக்கினேன். சரிதானா என்று மருத்துவர் கேட்டதும் கண்களை மேலே உயர்த்தினாள். எங்களுக்குள் அது ஆம். கோப்பில் எழுதிக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் திருத்தம் வந்தது. கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்தது. எதையும் பேசுவதற்கு முன் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். கணினி படித்தது. ஆங்கிலத்தில், மருத்துவரை விளித்து, நிதானமாக, ஒவ்வொரு காரணமாக எழுதியிருந்தாள். கடைசியில் இப்படி இருந்தது: என் கணவர் பக்கத்தில் நிற்பார். இதை அவரைச் சொல்ல வைக்காதீர்கள். அவர் வாயால் இது வரக் கூடாது என்றுதான் இரண்டு நாளாக இதை எழுதினேன்.

மகள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். டைரியில் நடந்த தவறை அப்போதுதான் நான் என் மனைவியிடம் சொன்னேன்.

கண்கள் வெகுநேரம் ஓடின.

"எடுத்துட்டு வாங்க. புதன்கெழமன்னு திருத்துங்க" என்றது கணினி.

அவள் பார்க்கத் திரைக்கு முன்னால் டைரியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளியை அடித்துவிட்டுப் புதன் என்று எழுதினேன்.