அடி அழிக்கலாமோ, மிஸ்?

1. வாய்க்கால் ரோட்டு

நிர்மலா எங்கள் பிசியோ யூனிட்டுக்கு வந்த முதல் நாளே என்னோடு கொழுவினாள்.

"மிஸ், நான் எப்ப ஓடலாம்?"

"நிமிர்ந்து நடக்கவே ஏலாமக் கிடக்கு, அதுக்குள்ள ஓட்டமோ? முதல்ல அந்தக் கதிரையில இரும் பிள்ளை."

வட்டக்கச்சிக்காரி. மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு வயிறு தொங்கிப்போனது. பஸ்ஸில் கர்ப்பிணி என்று நினைத்து ஆட்கள் எழும்பி இடம் கொடுப்பார்களாம். அந்த ரோசத்தில் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் வாய்க்கால் ரோட்டில் ஓடி மெலிந்தாள். ஆனால் தொங்கிய தோலும் நடுவே பிரிந்த தசையும் ஓடிப் போகிறவை அல்ல. வெளிநாட்டு அக்கா ஒழுங்கு செய்ய, கொழும்பில் 'டமி டக்' செய்துகொண்டு வந்தாள். மிச்சத் தோலை வெட்டி, பிரிந்த தசையை இழுத்துத் தைக்கிற சத்திரசிகிச்சை அது.

வடிவாக இருக்க வெட்டினவளுக்கு அரசாங்கப் பிசியோ எதற்கு என்று எங்கள் ஆட்களே முணுமுணுத்தார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தையல் எதற்காகப் போட்டது என்று தசைக்குத் தெரியுமா?

அவளுக்கு நான் சொன்னது எல்லாருக்கும் சொல்வதுதான். வயிற்றில் கட்டிய பெல்ட்டைக் கழற்றாதே. முதலில் வீட்டுக்குள் மெதுவாக நட. மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்துப் பழகு. படுக்கையால் சரிந்து, கை ஊன்றி எழும்பு. வாளியும் தூக்காதே, பிள்ளையும் தூக்காதே. வீக்கம் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் நொந்தாலோ உடனே டொக்டரிடம் ஓடு. ஓட்டமும் வயிற்றுப் பயிற்சியும் மாதக் கணக்கில் பொறுத்து, வெட்டிய டொக்டர் ஓம் என்ற பிறகுதான்.

சொன்னபடி அப்படியே செய்தாள். வீட்டுக்குள் நடந்தவள் வளவுக்கு இறங்கினாள், பிறகு வாய்க்கால் ரோட்டில் கைவீசி நடக்கிற அளவுக்கு வந்தாள். அடுத்த கொழும்பு கிளினிக்கில் ஓம் என்றால் ஓட்டம்தான். சப்பாத்து வாங்கி வைத்துவிட்டேன் என்று சிரித்தாள்.

2. நேர்த்தி

பிறகொரு நாள் சிரிக்காமல் வந்தாள்.

"மிஸ், அடி அழிக்கலாமோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடி அழிப்பது எங்கள் பெண்கள் கோயிலில் வைக்கிற நேர்த்திக்கடன். ஓர் அடி வைத்து, முழந்தாளிட்டு, நெற்றி மண்ணில் படக் குனிந்து, எழும்பி அடுத்த அடி. அப்படியே வெளிவீதி முழுக்கச் சுற்றி வரவேண்டும். தைத்த வயிற்றுக்கு அதைவிடக் கெட்ட பயிற்சியை நான் தேடினாலும் கண்டுபிடிக்க மாட்டேன்.

"விசரோ உமக்கு? ஆர் நேர்ந்தது?"

"மாமி. நான் சுகமாத் திரும்பி வந்தா அடி அழிப்பன் எண்டு அம்மனுக்கு நேர்ந்திட்டா. வாற கிழமை கோயில் பொங்கல்."

"என்ன ஒப்பரேசன் எண்டு அவாவுக்குச் சொல்லும்."

"ஹெர்னியா எண்டெல்லோ சொன்னனாங்கள். வடிவுக்கு வெட்டினது எண்டு தெரிஞ்சா நான் அந்த வீட்டில இருக்கேலாது மிஸ். சொல்லிப்போடாதேங்கோ."

நோயாளியின் கதையை அவள் அனுமதியில்லாமல் வெளியே விட எனக்கு உரிமை இல்லை. அதனால் மாமியைக் கூட்டிவரச் சொன்னேன். வந்தா. பொல்லாத மனுசி என்று நினைத்திருந்தேன். அப்படி இருந்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். அவ்வளவு நாளும் மருமகளைக் குசினிப் பக்கம் அண்டவிடாமல், ஒரு வாளி தண்ணீர் தூக்கவிடாமல் பார்த்தவா அவாதான்.

"அம்மா, அவ இப்ப குனியக் கூடாது. அடுத்த வருசம் செய்யட்டும்."

"எனக்கும் ஹெர்னியா வெட்டினவை மிஸ். ஒரு மாதத்தில மிளகாய்த் தோட்டத்துக்கு இறங்கினனான்."

"அப்ப அவவுக்காக நீங்கள் அடி அழியுங்கோவன்."

"அவவின்ர உடம்புக்கு நேர்ந்ததை நான் செய்யலாமோ? நேர்த்தி பிழைச்சா அவவுக்கெல்லோ ஏதும் வரும்." அவாவின் கண் கலங்கிவிட்டது.

வாசலில் நின்ற நிர்மலாவைப் பார்த்தேன். அவள் தலையாட்டி, சொல்லவேண்டாம் என்று கண்ணால் காட்டினாள்.

3. விரல்கள்

பொங்கல் முடிந்து வந்தாள். கட்டிலில் படுக்கவைத்து, தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொன்னேன். விரல்கள் உள்ளே இறங்கின. நடு வயிறு மேடாகத் தள்ளிக்கொண்டு வந்தது. தையல் விட்டிருந்தது.

"அரைவாசி வீதியில ஏதோ இளகின மாதிரிக் கிடந்தது மிஸ். பின்னால மாமி கும்பிட்டுக்கொண்டு வந்தவா. எழும்பி அடுத்த அடியை வைச்சன்."

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. என் மேசையில் அவளுக்குக் கொடுக்க ஒரு பயிற்சியும் இல்லை. திரும்ப வெட்டித் தைக்கவேணும் என்று பிறகு கொழும்பில் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த முறை மாமியும் கூடவே வந்து என் கையைப் பிடித்தா.

"நீங்கள் யோசியாதேங்கோ மிஸ். போனமுறை என்ர நேர்த்தி போதாமப் போச்சு. இந்தமுறை மூண்டு சுற்று நேர்ந்திருக்கிறன்."

நிர்மலா நிலத்தைப் பார்த்தபடி பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

புதிதாக வருகிற பிசியோப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். என்ன பயிற்சி செய்யப் போகிறாய் என்று மட்டும் நோயாளியிடம் கேட்காதீர்கள். வீட்டில் யார் என்ன நேர்ந்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கேட்ட பிறகு என்ன செய்வதென்று என்னிடம் கேட்காதீர்கள். நான் கேட்டனான். பொங்கலுக்கு முதலே எனக்குத் தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை.