ஆனந்தி டீச்சரின் எட்டாம் பீரியட்

திண்டுக்கல்லில் எங்கள் பெண்கள் பள்ளியில் புதன்கிழமை எட்டாம் பீரியட் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு உடற்கல்வி. கால அட்டவணையில் அப்படித்தான் போட்டிருக்கும். ஊர் உலகத்தில் பல இடங்களில் அது அட்டவணையோடு சரி. சிலபஸ் முடியாத வாத்தியார் யாராவது அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வார். என் பெயர் சனாவுல்லா, கணக்கு வாத்தியார். எந்த வருஷமும் எனக்கு சிலபஸ் முடிந்ததில்லை.

பதினாறு வருஷமாக நான் கேட்பேன், பி.டி. டீச்சர் ஆனந்தி தரமாட்டார். "கணக்கு எங்க சார் போயிரப் போகுது? இந்த வயசு போயிரும்ல," என்பார். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தோம். அவர் சிரித்துக்கொண்டே மறுப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கோபமும் மாடிப்படி ஏறும் வரைக்கும்தான். அந்த நேரம் எனக்கு வகுப்பு கிடையாது. ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெயில் சாய்ந்து மலைக்கோட்டைப் பாறை நிறம் மங்கியிருக்கும். மேற்கே தெரிவது கொடைக்கானல் மலையா மேகமா என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் ஓட ஓடப் புழுதி இடுப்புவரை எழும்பி அப்படியே நிற்கும். காற்று அந்தப் பக்கமாக வீசினால் சத்தமே கேட்காது, வாயைத் திறந்து சிரிப்பது மட்டும் தெரியும். ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை, முழங்கால் வலி எல்லாம் உள்ள நான் பாதித் தூக்கத்தில் அவர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பேன். பெல் அடித்து விழித்தால் எனக்கு மூச்சு வாங்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அப்புறம் எவள் எனக்குப் பயந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்?

ஆனந்தி டீச்சர் அகரத்துக்காரர். அப்பா சின்ன வெங்காயம் போட்ட விவசாயி. திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்தவர், ஒரே மகள் இளவேனில். அந்தப் பிள்ளையும் எங்கள் பள்ளிதான், ஒன்பது 'பி', என் வகுப்பு. நானூறு மீட்டரில் அவளை முந்த எங்கள் பள்ளியில் ஆள் இல்லை. கணக்கில் அவளுக்குப் பின்னால் வரவும் ஆள் குறைவு. அரையாண்டில் முப்பத்தெட்டு வாங்கினாள்.

ஜனவரியில் ஒரு நாள் ஆனந்தி டீச்சர் தானாக என் மேஜைக்கு வந்தார். "சார், 'பி' செக்ஷன் புதன்கிழமை பீரியடை இனிமே நீங்களே எடுத்துக்கங்க," என்றார். பதினாறு வருஷம் முட்டியும் திறக்காத கதவு தானாகத் திறந்தது. எதனால் என்று எனக்குப் புரியாமல் இல்லை. புரியாததுபோல, "ரொம்ப நல்லது டீச்சர்," என்று வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் புதன்கிழமைகள் பாழாய்ப் போயின. உள்ளே நான் நேரியல் சமன்பாடு நடத்துவேன். வெளியே வெறும் மைதானம். ஆனந்தி டீச்சர் ஸ்டாஃப் ரூமில் உட்காரலாம்தானே? உட்காரமாட்டார். சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டு, கோட்டின் ஓரத்தில் நிற்பார். ஓடுபாதையின் வளைவு முழுக்க அவர் தலை மெதுவாகத் திரும்பும், யாரோ ஓடிவருவதைப் பார்ப்பதுபோல. ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்து லேசாகச் சிரித்ததையும் பார்த்தேன். வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இளவேனிலின் பாதம் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். "காலைச் சும்மா வை," என்று அதட்டுவேன். அதட்டிவிட்டு நானும் ஜன்னலைப் பார்ப்பேன்.

மார்ச் மாதம் ஹெச்.எம். கூட்டம் போட்டார். "வர்ற வருஷத்துலருந்து பத்தாம் வகுப்புக்கு பி.டி. கட்டாயம் இல்ல. கம்ப்யூட்டரா, பி.டி.யா, பிள்ளைகளே எடுத்துக்கட்டும். கம்ப்யூட்டர் எடுக்குறவங்களுக்கு அந்த பி.டி. பீரியட்ல கணக்கு நடத்திக்கலாம். பெத்தவங்களும் அதத்தான் கேக்குறாங்க. என்ன சொல்றீங்க?"

நியாயமாகத்தான் பட்டது. எல்லாரும் தலையாட்டினோம். ஆனந்தி டீச்சர் மட்டும் எழுந்தார்.

"மேடம், நான் படிக்கும்போது குண்டா இருப்பேன். ஓட்டம்னாலே பயம். பிடிச்சவ மட்டும் வான்னு சொல்லிருந்தா நான் தையல் கிளாஸுக்குத்தான் போயிருப்பேன். கட்டாயம்ங்கிறதால அழுதுக்கிட்டே ஓடுனேன். மூணாவது வாரமோ நாலாவது வாரமோ தெரியல, ஓடிக்கிட்டு இருக்கேன், திடீர்னு சத்தமே இல்லாமப் போச்சு. கால் தரையில படுதா இல்லையான்னு தெரியல. மலை மட்டும் கூடவே வருது. நான்தான் ஓடுறேனா, யாரும் என்னயத் தூக்கிட்டுப் போறாங்களான்னு இருந்துச்சு. அம்புட்டு சந்தோசம் அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது மேடம். அப்பிடி ஒண்ணு இருக்குன்னே தெரியாத பிள்ளை அத எப்பிடித் தேர்ந்தெடுக்கும்?"

கேட்கக் கேட்க நான் அந்த மைதானத்தில் இருந்தேன். எனக்கும் கால் தரையில் இல்லை. ஹெச்.எம். பேனாவை மூடிவிட்டு, "யோசிக்கலாம்," என்றார்.

யோசித்தால் அடுத்த வருஷம் என் பீரியட் போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது. பாழாய்ப் போன வாய் முந்திக்கொண்டது.

"ஊருக்குத்தான் உபதேசமா டீச்சர்? உங்க மக வகுப்புப் பீரியடை நீங்களாத்தானே எங்கிட்டக் கொண்டுவந்து குடுத்தீங்க?"

ஆனந்தி டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஹெச்.எம். பேனாவைத் திறந்து எழுதினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் வாயைத் திறந்ததில் கெட்டது இன்னொருத்தர்.

விருப்பப் படிவம் அச்சாகி வந்தது. கம்ப்யூட்டர், பி.டி. என்று இரண்டு கட்டம். கீழே பெற்றோர் கையெழுத்து. வெள்ளிக்கிழமைக்குள் என் வகுப்பின் நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் கொடுத்துவிட்டார்கள். முப்பத்தொன்று கம்ப்யூட்டர், எட்டு பி.டி.

பள்ளி விட்டபின் ஆனந்தி டீச்சர் மாடி ஏறி வந்தார். கூட்டத்துக்குப் பிறகு என்னிடம் பேசாதவர். என் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, நாலாக மடித்த படிவத்தை மேஜையில் வைத்தார். பி.டி. கட்டத்தில் இளவேனில் பேனாவை அழுத்தி டிக் போட்டிருந்தாள், தாளே கிழிந்திருந்தது. பெற்றோர் கையெழுத்து இடம் காலியாக இருந்தது.

"மூணு நாளா பையிலயே கெடக்கு சார்," என்றார். "வீட்டுல போயி உக்காந்தா, பேனாவ எடுக்குறேன், வெக்கிறேன்."

வெளியே வெயில் தணிந்து, மைதானத்தில் யாருமில்லாமல் புழுதி மட்டும் கொஞ்சம் சுழன்றது.

"அன்னைக்கு நான் பிள்ளைகளுக்காகப் பேசுனேன்னுதான் நானே நெனைச்சேன். இல்ல சார். பிள்ளைக ஓடிரும். விடமாட்டேங்கிறது பெத்தவங்க நாங்கதான். கட்டாயம்னு இருந்திருந்தா இந்தக் கையெழுத்து எங்கிட்ட வந்திருக்காதுல்ல? மார்க் கொறஞ்சா ஸ்கூலத் திட்டிட்டு, அவ ஓடுறத நிம்மதியாப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். புதன்கிழமை உங்க கிளாஸ் இல்லாட்டியும் பத்தாவதுல இவ கணக்குல தேறிருவாளா?"

முந்தின நாள் வைத்த தேர்வில் அவள் முப்பத்திமூன்று. விடைத்தாள் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. இருபத்தாறு வருஷ வாத்தியார் வேலையில் மார்க் விஷயத்தில் நான் பெற்றோரிடம் பொய் சொன்னதே இல்லை.

"தேறிருவா," என்றேன்.

அவர் என்னைச் செத்த நேரம் உற்றுப் பார்த்தார். "சார், உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியல."

"தெரியாதுதான். கையெழுத்தப் போடுங்க."

என் சட்டைப்பையிலிருந்த பேனாவை அவரே எடுத்துக்கொண்டார். முழுப் பெயரையும் எழுதினார். பிறகு கீழே இறங்கிப் போனார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாசல்வரை போனேன். அதற்குள் அவர் மைதானத்தைக் கடந்து கேட் பக்கம் போய்விட்டார்.

படிவத்தை எட்டோடு சேர்த்து அடுக்கினேன். ஒன்பது. கம்ப்யூட்டர் படிவக் கட்டு கையில் கனத்தது. இந்த முப்பத்தொரு பிள்ளைகளின் அம்மாக்களிடம் யார் போய்ப் பொய் சொல்வது?